ரூட் செய்த பழைய போன் முரண்டு பிடித்தால்: ரெட்மி நோட் 4ஐ வைத்து ஒரு பழுதுபார்ப்பு

எங்கள் தெருவில் யாருடைய போன் லோகோவில் நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்துவிடும். கொண்டுவருபவர் முதலில் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "நான் எதுவுமே பண்ணலை." கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் "ஒரு வீடியோ பார்த்து ரூட் பண்ணேன்" என்பது வெளியே வரும். ரூட் என்றால் போனின் மென்பொருள் மீதான முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கொள்வது. அப்படி வந்ததில் அதிகம் ரெட்மி நோட் 4தான். 2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஸ்னாப்டிராகன் 625, 4100 எம்ஏஎச் பேட்டரி. பல வீட்டு அலமாரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கும் சோதிக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான். எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

ரூட் செய்வது எப்படி என்பதை இதில் எழுதவில்லை. நீங்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டீர்கள், பாதியில் ஏதோ சிக்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் போன் காட்டும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் கையில் ஒரு கோப்பு வேண்டும்: போனில் இப்போது இருக்கும் அதே பதிப்பின் அசல் பூட் இமேஜ், அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஏறும் மென்பொருள். சியோமி போன்களுக்கு ரோம், அதாவது போனின் முழு மென்பொருள், இரண்டு வகையில் கிடைக்கும். ஜிப் என்று முடிவது ரிகவரி ரோம், போனின் ரிகவரி என்ற பழுதுநீக்கும் பகுதியிலிருந்து ஏற்றுவது. டிஜிஇசட் என்று முடிவது ஃபாஸ்ட்பூட் ரோம், போனை ஃபாஸ்ட்பூட் என்ற நிலையில் வைத்துக் கணினியிலிருந்து ஏற்றுவது. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை இரண்டு முறை பிரித்தால் இமேஜஸ் என்ற ஃபோல்டர் வரும், பூட் இமேஜ் அதற்குள் இருக்கும். பதிப்பு எண்ணின் கடைசியில் வரும் எழுத்துகளைப் பாருங்கள். மியுஐ என்பது சியோமியின் ஆண்ட்ராய்டு வடிவம்; இந்தப் போனின் மியுஐ 11இல் அது என்சிஎஃப்எம்ஐஎக்ஸ்எம் என்று இருக்கும். என் என்றால் நௌகட், அதாவது ஆண்ட்ராய்டு 7. சிஎஃப் இந்த மாடலைக் குறிக்கும். எம்ஐ என்றால் குளோபல். அந்த இடத்தில் சிஎன் இருந்தால் சீன ரோம். இந்த எழுத்துகளைப் பார்க்காமல் "ரெட்மி நோட் 4 பூட் இமேஜ்" என்று தேடிக் கிடைத்ததைப் போட்டவர்கள்தான் என் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்.

கணினிக்குப் போன் தெரியவில்லை

வால்யூம் டவுன், பவர் இரண்டையும் பிடித்ததும் ஃபாஸ்ட்பூட் திரையில் தொப்பி போட்ட முயல் வந்துவிட்டது. கணினியோ "வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்" என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் கேபிள். இந்தப் போனுக்கு மைக்ரோ யுஎஸ்பி. வீட்டில் கிடக்கும் பாதிக் கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. போனைச் சாதாரணமாக ஆன் செய்து கணினியில் செருகுங்கள். "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்ற தேர்வு வந்து, போட்டோக்கள் கணினியில் தெரிந்தால் கேபிள் நல்லது. தெரியாவிட்டால் வேறு கேபிள் தேடுங்கள். டிரைவரைத் தோண்ட வேண்டாம்.

கேபிள் சரி என்றால் போர்ட்டைப் பாருங்கள். கட்டளை அடித்தவுடன் முயல் மறைந்து, கறுப்புத் திரையின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் "பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்" என்று வருகிறதா? போன் கெட்டுப்போகவில்லை. யுஎஸ்பி 3 போர்ட்டோடு அதற்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். புது லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே இல்லாவிட்டால் நடுவில் ஒரு பழைய யுஎஸ்பி 2 ஹப்பைப் போடுங்கள். அலமாரி மூலையில் கிடந்த என்னுடைய நாலு துளை ஹப் இதற்காகவே மறுபிறவி எடுத்தது.

அதற்கப்புறம்தான் டிரைவர். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். "ஆண்ட்ராய்டு" என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது இருந்தால் அதை வலது சொடுக்கி, டிரைவரை நீங்களே தேர்ந்தெடுக்கும் வழியில் போய் "ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்" என்பதைக் கொடுங்கள். லினக்ஸில் "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தால் சூடோ போட்டு அடியுங்கள்.

ஃபாஸ்ட்பூட்டில் எல்லாம் சரி, ஏடிபியில் (ஆன் ஆகியிருக்கும் போனுக்குக் கணினியிலிருந்து கட்டளை தரும் கருவி) மட்டும் "அன்ஆதரைஸ்டு" என்கிறதா? போன் திரையைப் பாருங்கள். அனுமதி கேட்டு ஒரு பெட்டி காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு நல்ல கேபிள், இரண்டு கணினி மாற்றிப் பார்த்தும் எதிலும் தெரியவில்லை என்றால் சார்ஜிங் போர்ட் தேய்ந்திருக்கும். அது கடைக்காரர் வேலை, சின்ன வேலைதான்.

பூட்லோடர் திறக்க மறுக்கிறது

பூட்லோடர் என்பது போனில் எந்த மென்பொருள் ஏறலாம் என்று முடிவு செய்யும் காவல்காரன். பிளாஷ் செய்யும்போது, அதாவது கோப்பைப் போனில் எழுதும்போது, "லாக் ஸ்டேட்" என்ற சொல் வரும் எந்தப் பிழைக்கும் ஒரே பொருள்தான்: பூட்லோடர் இன்னும் பூட்டியிருக்கிறது. "ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் டிவைஸ்-இன்ஃபோ" என்று அடித்தால் "டிவைஸ் அன்லாக்டு" என்ற வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று காட்டும்.

ஃபால்ஸ் என்றால் கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். மி அன்லாக் ஸ்டேட்டஸ் பகுதியில் உங்கள் சியோமி கணக்கைச் சேர்க்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் இருக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். கணினியில் உள்ள அன்லாக் கருவியிலும் அதே கணக்கில்தான் நுழைய வேண்டும். வேறு கணக்கு என்றால் "இந்தக் கணக்கு இந்தப் போனோடு இணைக்கப்படவில்லை" என்ற பொருளில் பிழை வரும்.

இத்தனை மணி நேரம் கழித்து வா என்று கருவி சொன்னால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 72 மணி நேரமும் பார்த்திருக்கிறேன், 360 மணி நேரமும் பார்த்திருக்கிறேன். நடுவில் கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

திறக்கும்போது போனில் உள்ள எல்லாம் அழியும். போட்டோவை எடுத்து வைத்துவிட்டீர்களா என்று வீட்டில் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் ஞாபகம் இருக்க வேண்டும். அழித்த பிறகு போன் அதைக் கேட்கக்கூடும்.

"உடனே திறந்து தருகிறோம், பணம் அனுப்புங்கள், கணினியை ரிமோட்டில் கொடுங்கள்" என்று வருபவர்களிடம் போகாதீர்கள். 15 நாள் காத்திருப்பது அதைவிட மலிவு.

பிளாஷ் ஆனது என்கிறது, ஆனால் ரூட் இல்லை

*மறுபடி பழைய ரிகவரியே வருகிறது.* அசல் ரிகவரிக்குப் பதில் டிடபிள்யூஆர்பி என்ற வெளி ரிகவரியைப் போட்டீர்கள், கணினியும் "ஓகே" என்றது. போனைச் சாதாரணமாக ஆன் செய்தீர்கள். அங்கேதான் தவறு. மியுஐ ஒருமுறை முழுதாக ஏறினால் தன் ரிகவரியைத் தானே திரும்ப எழுதிவிடும். மறுபடி பிளாஷ் செய்துவிட்டு, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்துப் பிடித்து நேராக ரிகவரிக்குள் போங்கள்.

*மேஜிஸ்க் ஆப்பில் "இன்ஸ்டால்டு" என்ற இடத்தில் என்/ஏ என்று இருக்கிறது.* மேஜிஸ்க் என்பது பூட் இமேஜைத் திருத்தி, அதாவது பேட்ச் செய்து, ரூட் தரும் கருவி. ஆப் இருந்தால் ரூட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பேட்ச் செய்த இமேஜுக்குப் பதில் அசல் இமேஜையே திரும்பப் பிளாஷ் செய்திருப்பீர்கள். சிரிக்காதீர்கள், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எனக்கே நடந்திருக்கிறது. பேட்ச் ஆன கோப்பு போனின் டவுன்லோட் ஃபோல்டரில் "மேஜிஸ்க் பேட்ச்டு" என்ற பெயரோடு தொடங்கும். அதைக் கணினிக்கு எடுத்து, சரியான பெயரோடு மறுபடி அடியுங்கள். பின்னாளில் வந்த, மென்பொருளை இரண்டு பிரதியாக வைக்கும் இரட்டை ஸ்லாட் போன்களில் இன்னொரு காரணமும் உண்டு: ஏ ஸ்லாட்டில் போன் ஓடும், நீங்கள் பி ஸ்லாட்டில் எழுதியிருப்பீர்கள். ரெட்மி நோட் 4இல் ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கவலை இல்லை.

*ரூட் இருக்கிறது, ஆனால் ஆப்புக்குக் கிடைக்கவில்லை.* மேஜிஸ்கின் சூப்பர்யூசர் பகுதியைத் திறங்கள். அனுமதி கேட்ட பெட்டி சில நொடிகளில் தானாக மூடி "மறுப்பு" என்று பதிவாகியிருக்கும். சுவிட்சைத் தள்ளினால் முடிந்தது.

லோகோவிலேயே நிற்கிறது

அதிகம் வருவது இது. அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். ஆனால் லோகோ வரை வரும் போன் செத்த போன் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நிற்பதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள்?

*பேட்ச் செய்த பூட் இமேஜைப் போட்ட உடனே நின்றது.* பதிப்பு பொருந்தவில்லை. வால்யூம் டவுன், பவர் இரண்டையும் பிடித்து முயல் திரைக்குப் போங்கள். "ஃபாஸ்ட்பூட் பிளாஷ் பூட்" என்று அடித்து, அசல் பூட் இமேஜின் பெயரைக் கொடுங்கள். பிறகு "ஃபாஸ்ட்பூட் ரீபூட்". பெரும்பாலும் இத்தோடு போன் எழுந்துவிடும். டேட்டா எதுவும் போகாது.

எழுந்ததும் அமைப்புகளில் பதிப்பு எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே பதிப்பின் இமேஜை எடுத்துப் பேட்ச் செய்யுங்கள். இந்த முறை நேராகப் பிளாஷ் செய்யாமல் "ஃபாஸ்ட்பூட் பூட்" என்று மட்டும் அடித்து அந்த இமேஜைக் கொடுங்கள். "பிளாஷ்" என்ற சொல் நடுவில் வரக்கூடாது. போன் அந்த இமேஜை ஒரே ஒரு தடவைக்குக் கடன் வாங்கி ஓட்டிப் பார்க்கும். நன்றாக ஏறினால் பிறகு பிளாஷ் செய்யலாம். ஏறாவிட்டால் அணைத்து ஆன் செய்தாலே பழையபடி ஆகிவிடும். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சமில்லை.

*ரூட் நன்றாக ஓடியது, ஒரு மாட்யூல் போட்டதும் நின்றது.* குற்றவாளி மாட்யூல்தான் (மேஜிஸ்கில் கூடுதலாகச் சேர்க்கும் இணைப்பு), ரூட்டைக் கலைக்க வேண்டாம். முதலில் சேஃப் மோட். லோகோ போய் அனிமேஷன் தொடங்கியதும் வால்யூம் டவுனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். சேஃப் மோடில் ஏறினால் மேஜிஸ்கின் புதிய பதிப்புகள் எல்லா மாட்யூலையும் தாமாக அணைத்துவிடும். மறுபடி சாதாரணமாக ஆன் செய்து, மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு எது என்று கண்டுபிடியுங்கள்.

சேஃப் மோடுக்கும் வரவில்லையா? யுஎஸ்பி டீபக்கிங்கை முன்பே ஆன் செய்து இந்தக் கணினிக்கு அனுமதியும் கொடுத்திருந்தால் "ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ் ஷெல் மேஜிஸ்க் --ரிமூவ்-மாட்யூல்ஸ்" என்று அடித்துவிட்டுப் போனை ஆன் செய்யுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் நடுவிலேயே அது பிடித்துக்கொண்டு மாட்யூல்களை நீக்கும். அதுவும் முடியாவிட்டால் டிடபிள்யூஆர்பிக்குள் போய், டேட்டாவுக்குள் ஏடிபி, அதற்குள் மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து அந்த மாட்யூலின் ஃபோல்டரை அழியுங்கள்.

*ரிகவரி போட்டு, "மாற்றங்களை அனுமதி" என்று இழுத்துவிட்ட பிறகு நின்றது.* அசல் மியுஐ தன் சிஸ்டத்தில் யாராவது கை வைத்தால் ஏற மறுக்கும். டிடபிள்யூஆர்பியிலிருந்தே மேஜிஸ்கைப் பிளாஷ் செய்யுங்கள். அந்தச் சோதனையை அது சமாளித்துவிடும். 22ஆம் பதிப்பிலிருந்து மேஜிஸ்க் ஆப்பும் பிளாஷ் செய்யும் ஜிப்பும் ஒரே கோப்புதான். ஏபிகே என்ற வாலை ஜிப் என்று மாற்றினால் போதும்.

*எதுவுமே செய்யவில்லை, தானாக நின்றது.* இதை நான் சுலபத்தில் நம்புவதில்லை. ஆனால் இத்தனை வயதான போனில் உண்மையிலேயே நடக்கும். சார்ஜரில் செருகி ஆன் செய்யுங்கள். சார்ஜரோடு ஏறி, கழற்றியதும் விழுந்தால் பேட்டரி. பின்பக்கம் உப்பியிருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் அணைத்துவிட்டுக் கடைக்குக் கொடுங்கள். போன் தானாகவே முயல் திரைக்குப் போய்க்கொண்டிருந்தால் வால்யூம் டவுன் பொத்தான் அழுக்கில் சிக்கியிருக்கும். கவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். என் சித்தப்பா போனை இரண்டு முறை முழுதாக அழித்து ரோம் ஏற்றிய பிறகுதான் அந்தத் தடித்த ரப்பர் கவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மேலே சொன்ன எதற்கும் அசையவில்லை என்றால் கடைசிப் படி, மி பிளாஷ் கருவியில் முழு ஃபாஸ்ட்பூட் ரோம். "சேவ் யூசர் டேட்டா" என்ற தேர்வில் முதலில் பாருங்கள். ஏறாவிட்டால் "க்ளீன் ஆல்". "க்ளீன் ஆல் அண்ட் லாக்" என்ற மூன்றாவதைத் தொடவே கூடாது. ஏன் என்று கீழே வரும். ரோம் ஃபோல்டரை டிரைவின் மேல்மட்டத்தில், இடைவெளி இல்லாத குட்டிப் பெயரில் வையுங்கள்; நீளமான பாதையும் நடுவில் இடைவெளியும் இந்தக் கருவிக்கு ஆகாது. இமேஜும் போனும் பொருந்தவில்லை என்று கருவி சொன்னால் வற்புறுத்தாதீர்கள். 2016இல் சீனாவில் வந்த ரெட்மி நோட் 4இன் சிப் மீடியாடெக். பெயர் ஒன்று, உள்ளே வேறு போன்.

டிடபிள்யூஆர்பியில் உள் சேமிப்பு 0 எம்பி

ஃபோல்டர் பெயர்களெல்லாம் கிறுக்கல் எழுத்தாகத் தெரியும். டேட்டா எங்கும் போகவில்லை, பூட்டிக் கிடக்கிறது. ரிகவரி கடவுச்சொல் கேட்டால் உங்கள் திரைப்பூட்டின் எண்ணையோ பேட்டர்னையோ கொடுங்கள். கேட்கவே இல்லை, அல்லது சரியானதைக் கொடுத்தும் ஏற்கவில்லை என்றால், போன் சாதாரணமாக ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் முதலில் டேட்டாவைக் கணினிக்கு எடுத்துவிட்டு வாருங்கள். அதன் பிறகுதான் "ஃபார்மேட் டேட்டா", "யெஸ்" என்று அடிப்பதெல்லாம். சாதாரண "வைப்" இதைச் சரிசெய்யாது. ஃபார்மேட்தான் செய்யும், அது செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

வைஃபை ஆன் ஆகவில்லை, அல்லது சிம் காணவில்லை

வைஃபை மட்டும் போனது என்றால் சின்ன விஷயம். சுவிட்சைத் தள்ளினால் தானாகத் திரும்பி வந்துவிடுகிறதா? பூட் இமேஜ் வேறு பதிப்பினுடையது. போன் ஏறிவிட்டதால் நீங்கள் சந்தேகப்படவில்லை. சரியான பதிப்பின் இமேஜைப் போட்டால் வைஃபை வந்துவிடும்.

சிம் போனது பெரிய விஷயம். *#06# அடித்துப் பாருங்கள்.

ஐஎம்இஐ எண்கள் (போனின் அடையாள எண்கள்) சரியாகத் தெரிகின்றன, சிக்னல் மட்டும் இல்லை என்றால், மோடம் மென்பொருள் பொருந்தவில்லை. முழு ஃபாஸ்ட்பூட் ரோம் ஏற்றினால் சரியாகும்.

ஐஎம்இஐ இடத்தில் சுழியம் அல்லது வெற்றிடம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஐஎம்இஐ சேமிக்கப்பட்டிருக்கும் இஎஃப்எஸ் பகுதி அழிந்திருக்கிறது. ரூட் செய்வதற்கு முன் டிடபிள்யூஆர்பியில் இஎஃப்எஸ் பேக்கப் எடுத்திருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள், கதை முடிந்தது. எடுக்கவில்லை என்றால், இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவருடைய இஎஃப்எஸ் கோப்பைப் போடும் யோசனை கட்டாயம் வரும். போடாதீர்கள். அது அவருடைய ஐஎம்இஐ. ஐஎம்இஐயைத் திருத்துவது இந்தியாவில் குற்றம். 2017இலேயே அதற்கென்று விதி வந்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். போன் பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள். "எந்த ஐஎம்இஐ வேண்டுமானாலும் போட்டுத் தரேன்" என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அன்ரூட் செய்தேன், வங்கி ஆப் இன்னும் திறக்கவில்லை

அன்ரூட் உண்மையில் நடந்ததா என்பதுதான் முதல் சந்தேகம். மேஜிஸ்க் ஆப்பை நீக்கினால் ரூட் போகாது. ஆப்புக்குள் அன்இன்ஸ்டால் என்பதை அழுத்தி "கம்ப்ளீட் அன்இன்ஸ்டால்" கொடுத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் "ரீஸ்டோர் இமேஜஸ்" பூட் இமேஜை மட்டும்தான் திருப்பும். பழைய இமேஜின் பேக்கப் இல்லை என்று அது சொன்னால் பதற வேண்டாம். முயல் திரைக்குப் போய் அசல் பூட் இமேஜை நீங்களே பிளாஷ் செய்யுங்கள். அதுவும் அன்ரூட்தான். சொல்லப்போனால் நான் எப்போதும் செய்வது அதுதான்.

மேஜிஸ்குக்கு முந்தைய காலத்து ரூட் என்றால் கதை வேறு. சூப்பர்எஸ்யூவில் "ஃபுல் அன்ரூட்" என்று ஒன்று உண்டு, முதலில் அதை முயலுங்கள். கிங்ரூட் போல ஒரே சொடுக்கில் ரூட் செய்யும் ஆப்கள் சிஸ்டத்துக்குள்ளேயே எதையாவது விட்டுவிட்டுப் போகும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் முழு ரோமை ஏற்றிவிடுவதே நல்லது.

ரூட் போனது உறுதி என்றால், இனி மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் யுஎஸ்பி டீபக்கிங்கையும் அணையுங்கள். உள் சேமிப்பில் கிடக்கும் டிடபிள்யூஆர்பி ஃபோல்டர், மேஜிஸ்க் கோப்புகள், ரூட் கேட்கும் பழைய ஆப்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு வங்கி ஆப்பின் டேட்டாவை அழித்து மறுபடி திறங்கள். சில வங்கி ஆப்கள் இதோடு சமாதானமாகிவிடும்.

ஆகவில்லையா? பிளே ஸ்டோர் அமைப்புகளில் "அபௌட்" பகுதியின் கடைசியில் போன் சான்றளிக்கப்பட்டதா என்று இருக்கும். இல்லை என்றால் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் இரண்டின் டேட்டாவையும் அழித்து, அணைத்து ஆன் செய்து பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் காரணம் திறந்திருக்கும் பூட்லோடர். ரூட் இல்லாவிட்டாலும் பூட்டு திறந்திருப்பதையே சில ஆப்கள் ஒத்துக்கொள்ளாது. அதற்கு அடுத்த தலைப்பு.

"உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பை ஆதரிக்கவில்லை" என்று ஆப் சொன்னால் ரூட்டோடு சண்டை போடாதீர்கள். ஆண்ட்ராய்டு 7 அதன் கணக்கில் முதியவர், அவ்வளவுதான். என் கருத்தைக் கேட்டால், ஓடினாலும்கூட இவ்வளவு பழைய போனில் வங்கி ஆப்பை வைத்துக்கொள்ள மாட்டேன். ரூட்டை மறைத்து வங்கி ஆப்பை ஏமாற்றும் மாட்யூல்களையும் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. அடுத்த அப்டேட்டில் மறுபடி என் வாசலில்தான் நிற்பார்கள்.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நாக்ஸ் என்ற சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பு உள்ள மாடல்களில் ரூட் செய்தவுடன் நாக்ஸ் எண் 0x0இலிருந்து 0x1 ஆகிவிடும். அசல் ரோம், அன்ரூட், லாக் எதுவுமே அதைத் திருப்பாது. செக்யூர் ஃபோல்டர் இனி வராது. அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

லாக் செய்தேன், அதோடு போனது

ரூட் செய்து போனைக் கெடுத்தவர்களைவிட, திரும்பப் பூட்டப்போய்க் கெடுத்தவர்களை அதிகம் பார்க்கிறேன். நானும் அந்தப் பட்டியலில் உண்டு. நண்பர் ஒருவர் சீனாவிலிருந்து வாங்கி வந்த போன், குளோபல் ரோம் ஏற்றித் தரச் சொன்னார். மி பிளாஷைத் திறந்தேன், ரோமைத் தேர்ந்தெடுத்தேன், பிளாஷ் பொத்தானை அழுத்தினேன். கருவியின் அடியில், வலது ஓரத்தில், "க்ளீன் ஆல் அண்ட் லாக்" ஏற்கெனவே தேர்வாகியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பச்சையில் "சக்ஸஸ்" என்று வந்தது. போன் ஆன் ஆனது. "இந்த மியுஐ பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது" என்ற பொருளில் ஒரு வரி, அதற்கு மேல் எதுவும் இல்லை. சீன வன்பொருள், குளோபல் ரோம், பூட்டிய பூட்லோடர்: மூன்றும் சேர்ந்தால் இதுதான்.

பூட்டத்தான் வேண்டும் என்றால் வரிசை இது. போன் எந்த நாட்டுக்கு விற்கப்பட்டதோ அந்த வகை அசல் ரோமை "க்ளீன் ஆல்" முறையில் ஏற்றுங்கள். முழுதாக ஏறவிட்டு சிம், வைஃபை, கேமரா பாருங்கள். ஒரு நாள் பயன்படுத்துங்கள். மேஜிஸ்க், டிடபிள்யூஆர்பி எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானதும், டேட்டா அழியும் என்று எடுத்துக்கொண்டு பேக்கப் எடுத்துவிட்டு, முயல் திரையில் "ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் லாக்". இந்த வரிசையில் எது விடுபட்டாலும் பூட்டாதீர்கள்.

ஏற்கெனவே பூட்டிச் சிக்கிக்கொண்டவர்கள்: முயல் திரை வருகிறது, பழைய கணக்கு போனோடு இணைந்தே இருக்கிறது என்றால் அன்லாக் கருவியில் மறுபடி முயன்று பாருங்கள். திறந்தால் தப்பித்தீர்கள். மறுத்தால் அடுத்த தலைப்பின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

லோகோவும் இல்லை, அதிர்வும் இல்லை

நல்ல சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். பேட்டரி அடிமட்டம் வரை போயிருந்தால் உடனே எதையும் காட்டாது. பிறகு பவர் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்துங்கள். இந்தப் போனில் பேட்டரியைக் கழற்றிப் போட முடியாது. அதற்குப் பதில் இதுதான்.

அசைவில்லை என்றால் கணினியில் செருகி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள்.

*"குவால்காம் எச்எஸ்-யுஎஸ்பி க்யூடிலோடர் 9008" என்று தெரிகிறது.* போர்டு உயிரோடுதான் இருக்கிறது, ஈடிஎல் என்ற அடிமட்ட நிலையில் விழுந்து கிடக்கிறது. மி பிளாஷைத் திறந்து ஒருமுறை முயலலாம். அனுமதி பெற்ற கணக்கு கேட்டால் நிறுத்துங்கள். ரெட்மி நோட் 5 ப்ரோ போல 2018இல் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பூட்டப்பட்ட மாடல் என்றால், இருந்ததைவிடப் பழைய ரோமை ஏற்ற முயலாதீர்கள். பலருடைய போன் இந்த நிலைக்கு வந்ததே அப்படித்தான்.

*கணினியில் எதுவுமே தெரியவில்லை, செருகும் சத்தமும் இல்லை.* பேட்டரி, போர்ட், போர்டு மூன்றில் ஒன்று. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

பின்மூடியைத் திறந்து போர்டில் இரண்டு புள்ளிகளை ட்வீசரால் தொட்டு ஈடிஎல்லுக்குக் கொண்டுபோகும் வழி ஒன்று உண்டு. டெஸ்ட் பாயிண்ட் என்பார்கள். அதைக் காட்டும் படத்தைப் பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். பக்கத்துப் புள்ளியைத் தொட்டுவிட்டால் போர்டோடு போகும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் தினமும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே விடுங்கள்.

கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். ஐஎம்இஐயைப் பெட்டியிலிருந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது *#06# அடித்துச் சரிபார்க்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் கடைசியாக எந்த ரோம், எந்தப் பதிப்பு ஏற்றினீர்கள், பூட்டினீர்களா இல்லையா என்று எழுதிப் போனோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள். அவரிடமும் போய் "நான் எதுவுமே பண்ணலை" என்று ஆரம்பிக்காதீர்கள்.